கரண்ட் போனால் வைபையும் போக வேண்டுமா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையோடு கடைசி வரை வாசியுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருப்பவர்கள், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்கள், கோயில் பரிபாலன சபைகளில் இருக்கும் நம் தமிழ்ச் சகோதரர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஏனென்றால் கடைசியில் நாம் கேட்கப் போவது உங்களிடம்தான்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கரண்ட் போனவுடன் இன்டர்நெட்டும் போக வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு ஜெனரேட்டர் தேவையில்லை, பெரிய இன்வேட்டரும் தேவையில்லை. ஒரு நல்ல பட்டரி, அதற்கேற்ற சார்ஜர், சரியான வயர், ஒரு உருகி, இவ்வளவும் போதும். காரணம், நம் வீட்டு ரவுட்டர் 230 வோல்ட்டில் ஓடும் பொருளே அல்ல. அது பட்டரியில் ஓடுவதற்கென்றே பிறந்த பொருள். நாம்தான் அதைச் சுவரில் கட்டிப் போட்டிருக்கிறோம்.

*பழைய போன் ஏன் சாகவில்லை?*

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்லாத இரவில் வீடு முழுக்க இருட்டு, குப்பி விளக்கு எரியும், ஆனால் மேசையில் இருக்கும் கம்பி போன் மட்டும் மணி அடிக்கும். எடுத்துப் பேசலாம். அந்தப் போனை யாரும் சுவரில் செருகவில்லை. அப்படியானால் கரண்ட் எங்கிருந்து வந்தது?

எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்தது. அங்கே வரிசையாகப் பட்டரிகள் இருக்கும். 12 வோல்ட் பட்டரி நான்கைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். உலகம் முழுக்கத் தொலைபேசி நிலையங்கள் இந்த 48 வோல்ட் நேரோட்டத்தில்தான் ஓடின, இன்றும் ஓடுகின்றன. அதில் நேர் முனையை மண்ணோடு இணைத்து, வெளியே போகும் கம்பியை மறை 48 வோல்ட்டில் வைத்தார்கள். ஈர மண்ணுக்குள் கிடக்கும் செப்புக் கம்பி அரித்துப் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்தக் கம்பி இரண்டு வேலை செய்தது. நம் குரலையும் கொண்டு போனது, போனுக்குச் சாப்பாட்டையும் கொண்டு வந்தது.

இப்போது நம் தெருக்களில் பைபர் வந்துவிட்டது. நல்ல விடயம். வேகம் கூடியது, மழைக்கு லைன் கரகரப்பது நின்றது. ஆனால் பைபர் என்பது கண்ணாடி இழை. அதற்குள்ளால் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. அந்த வெளிச்சத்தை வாங்கி வைபையாகவும் போனாகவும் மாற்றும் பெட்டி நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்குச் சாப்பாடு போட வேண்டியது இனி நாம்தான். செப்புக் கம்பி போய்ப் பைபர் வந்த அன்றைக்கு, எக்ஸ்சேஞ்ச் பார்த்துக் கொண்டிருந்த ஒரு பொறுப்பு சத்தமில்லாமல் நம் வீட்டுக்குக் கை மாறியது. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வீடுகளுக்கு வரும் பைபர் லைனில், எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையில் தெருவில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குப் பொதுவாகக் கரண்டே தேவையில்லை. ஒரு வெளிச்சத்தைப் பல கிளையாகப் பிரிப்பது வெறும் கண்ணாடி வேலை. ஆகவே எக்ஸ்சேஞ்ச் அதன் பட்டரியிலோ ஜெனரேட்டரிலோ உயிரோடு இருந்தால், நம் ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும் இன்டர்நெட் நம் வாசல் வரை வந்து நிற்கிறது. நாம் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

*இது சின்ன விடயமா?*

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன் 2020 ஆகஸ்ட் 17, பின்னர் 2023 டிசம்பர் 9, பிறகு 2025 பெப்ரவரி 9 என்று முழு நாடும் ஒரேயடியாக இருண்ட நாட்கள் உண்டு. கடைசியாகச் சொன்னது பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்த நாள். அதை வைத்து எல்லோரும் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். ஆனால் அதற்கடுத்த நாட்களிலும் முறைவைத்து ஒன்றரை மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொன்று இருக்கிறது, மாரி. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறைக் கரையோரம் தண்ணீருக்குள் கிடந்தது. மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளை வெள்ளம் இழுத்துக் கொண்டு போனதும் அந்தக் கிழமைதான். உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டதும் அந்தக் கிழமைதான். எந்த வீதி வெட்டியிருக்கிறது, நாளைக்குப் பரீட்சை உண்டா இல்லையா, எந்தப் பாடசாலையில் முகாம், யாருக்குச் சாப்பாடு தேவை என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டபோதும் பல மாவட்டங்களில் கரண்டும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே விழுந்தன. 2004 சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது. செய்தி நேரத்துக்கு வராததன் விலை என்னவென்று நமக்கு வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"ரவுட்டர் நின்றால் என்ன, போனில் டேட்டா இருக்கிறதே" என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் கரண்ட் போனவுடன் ஊரில் உள்ள எல்லா வைபையும் ஒரே நேரத்தில் சாகிறது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் டவர் மீது ஏறுகிறது. அந்த டவரும் பட்டரியில்தான் நிற்கிறது. மின்வெட்டு நீளும்போது அந்தப் பட்டரி இறங்குகிறது, அடுத்த வெட்டுக்கு முன் அது நிரம்ப நேரமும் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் பைபர் உள்ள வீடுகள் தங்கள் ரவுட்டரைத் தாங்களே ஓட வைத்தால், டவரில் இடம் மிஞ்சும். வைபை இல்லாத ஏழை வீட்டுக்காரனின் அழைப்பு போய்ச் சேரும். நம் வீட்டுப் பட்டரி அடுத்த வீட்டுக்கும் உதவுவது இப்படித்தான்.

*ரவுட்டர் என்ன சாப்பிடுகிறது?*

உங்கள் ரவுட்டரின் அடப்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வருவது 230 வோல்ட் ஆடலோட்டம் என்றும், வெளியே போவது 12 வோல்ட் நேரோட்டம், 1 அல்லது 1.5 அல்லது 2 அம்பியர் என்றும் எழுதியிருக்கும். சிலதில் 9 வோல்ட், சிலதில் 5 வோல்ட். தரம் 10, 11 பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே வாசித்துச் சொல்வார்கள். அந்த அடப்டரின் வேலையே ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றுவதுதான்.

12 வோல்ட் 1.5 அம்பியர் என்றால் 18 வாட். அது அடப்டர் தரக்கூடிய உச்ச அளவு. சாதாரண வீட்டு ரவுட்டர் உண்மையில் எடுப்பது பெரும்பாலும் 7 முதல் 10 வாட் வரைதான். ஒரு சின்ன எல்ஈடி பல்ப் அளவு. கணக்குக்கு 9 வாட் என்று வைத்துக் கொள்வோம்.

இப்போது பலர் வீட்டில் செய்வதைப் பாருங்கள். கம்பியூட்டர் யூபிஎஸ் ஒன்றை வாங்கி அதில் ரவுட்டரைச் செருகுகிறார்கள். யூபிஎஸ்சுக்குள் இருப்பது 12 வோல்ட் பட்டரி. அதை உள்ளே இருக்கும் இன்வேட்டர் 230 வோல்ட்டாக ஏற்றுகிறது. ரவுட்டரின் அடப்டர் அதைத் திரும்ப 12 வோல்ட்டாக இறக்குகிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போக ஒருவர் அம்பாறையைச் சுற்றிக் கொண்டு போவது மாதிரி. போய்ச் சேரலாம், ஆனால் வழியில் எண்ணெய் முடிந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த யூபிஎஸ்சுக்குள் இருப்பது வழக்கமாக 12 வோல்ட் 7 அம்பியர் மணிப் பட்டரி. 12 ஐ 7 ஆல் பெருக்கினால் 84 வாட் மணி. ஈயப் பட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழ் இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். ஆகவே பாவிக்கக்கூடியது 42 வாட் மணி.

நேரடியாக 12 வோல்ட்டில் கொடுத்தால், இடையில் ஒரு சின்ன வோல்ட் சீராக்கி பத்து வீதம் தின்றாலும், ரவுட்டர் சுமார் நாலு மணித்தியாலம் ஓடும். இன்வேட்டர் வழியாகக் கொடுத்தால், இன்வேட்டர் சும்மா இருப்பதற்கே பத்து வாட் அளவில் தின்னும், மாற்றத்தில் போவது வேறு. மொத்தம் இருபது வாட்டைத் தாண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அதே பட்டரி, அதே ரவுட்டர், பாதி நேரம். வுழூச் செய்யும்போது கூடத் தண்ணீரை வீண்விரயம் செய்யாதே என்று கற்ற சமுதாயம் நாம். இந்த விரயம் கண்ணுக்குத் தெரியாததால் கேட்பாரில்லை.

ஜெனரேட்டரின் கதை இதைவிட மோசம். 9 வாட் பொருளுக்காக ஒரு எஞ்ஜினையே சுற்ற விடுகிறோம். எந்தச் சுமையும் இல்லாவிட்டாலும் அது பெற்றோல் குடிக்கும். 2022இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களை அதற்குள் மறந்துவிட்டோமா?

*கூரையில் சோலார் இருந்தும் இருட்டு*

2016இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கிய பிறகு நம் ஊர்களிலும் வசதியுள்ள வீடுகளின் கூரையில் சோலார் ஏறியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணியளவில் நாடு இருண்டபோது அந்த வீடுகளும் சேர்ந்தே இருண்டன. "காக்கா, இவ்வளவு காசு போட்டு சோலார் அடிச்சும் பேன் சுத்துதில்லையே" என்று கேட்டவர்கள் பலர்.

அது பழுதல்ல. மின்சார சபையின் லைனோடு இணைந்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானாகவே நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்தும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. ஆகவே பட்டரி இல்லாத அந்தச் சோலார் நம் பில்லைக் குறைக்கும், மின்வெட்டில் உதவாது. பத்து இலட்சக்கணக்கில் கூரையில் இருக்கும். கீழே ரவுட்டர் செத்துக் கிடக்கும். அந்த வீட்டிலும் ஒரு சின்னப் பட்டரி தனியாக வேண்டும்.

சோலார் தகடு தருவதும் நேரோட்டம். பட்டரி சேமிப்பதும் நேரோட்டம். எல்ஈடி பல்ப், போன், லெப்டொப், ரவுட்டர், கமரா எல்லாம் உள்ளே ஓடுவது நேரோட்டத்தில். 1882இல் எடிசன் நியூயோர்க்கில் தெருவுக்குக் கொடுத்த மின்சாரமும் நேரோட்டம்தான். தூரத்துக்கு அனுப்ப வோல்ட்டைக் கூட்ட வேண்டும், அதற்கு நிலைமாற்றி வேண்டும், அது ஆடலோட்டத்தில்தான் வேலை செய்யும். அதனால் ஆடலோட்டம் வென்றது. நுரைச்சோலையிலிருந்து நம் ஊருக்குக் கரண்ட் வர ஆடலோட்டம் சரி. ஆனால் அலுமாரி மேலிருக்கும் பட்டரியிலிருந்து இரண்டு முழம் தள்ளியிருக்கும் ரவுட்டருக்குப் போக அது எதற்கு?

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, லைட், பேன், போன் சார்ஜர் எல்லாம் 48 வோல்ட் நேரோட்டத்தில் ஓடும் வீட்டு ஏற்பாட்டை உருவாக்கி, ராஜஸ்தான் பாலைவனத்தில் லைன் எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொடுத்தது. நம் மீனவச் சகோதரர்களின் படகில் லைட்டும் ஜிபிஎஸ்சும் பட்டரியில்தான் ஓடுகின்றன. கார் பட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டு போய்ச் சார்ஜ் பண்ணி வந்து கறுப்பு வெள்ளை டீவி பார்த்த தலைமுறை நம்முடையது. நமக்குத் தெரிந்த வித்தைதான், மறந்துபோனோம்.

*வாங்கும்போது ஏமாற வேண்டாம்*

சுலபமான வழி, ரவுட்டருக்கென்றே கடைகளில் விற்கும் மினி யூபிஎஸ். அது உள்ளே லித்தியம் பட்டரி வைத்த சின்னப் பெட்டி. 12 வோல்ட்டை நேராகவே தரும். கரண்ட் இருக்கும்போது தானே நிரம்பிக் கொள்ளும். வீட்டுக்கு அது நல்லது. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

8,800 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாக எழுதியிருக்கும். பலர் அதை 12 ஆல் பெருக்கி 105 வாட் மணி, பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்று நினைக்கிறார்கள். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலங்களுக்கான எண். 3.7 ஆல் பெருக்கினால் 32 வாட் மணிதான். இழப்பும் போக நம் 9 வாட் ரவுட்டருக்கு மூன்று மணித்தியாலம். அதுவும் பெட்டியில் எழுதியது உண்மையாக இருந்தால். சாதாரண மின்வெட்டுக்கு அது போதும். 13 மணித்தியாலத்துக்குப் போதாது.

பள்ளிவாசல், பாடசாலை போன்ற இடங்களுக்கு லித்தியம் இரும்புப் பொஸ்பேட் பட்டரி சிறந்தது. 12.8 வோல்ட் 20 அம்பியர் மணி என்றால் 256 வாட் மணி. அதில் எண்பது வீதம் பாவித்தாலும் ஒரு ரவுட்டர் இருபது மணித்தியாலம் ஓடும். 2022இன் மோசமான நாளையும் தாண்டிவிடும். ஈயப் பட்டரியை விட விலை கூட, ஆயுளும் பல மடங்கு கூட.

*கவனிக்க வேண்டியவை*

12 வோல்ட் ஆளை அடிக்காது. ஆனால் வீட்டை எரிக்கும். ஆகவே கீழே உள்ளவற்றைத் தயவுசெய்து இலேசாக எடுக்க வேண்டாம்.

1. உருகி இல்லாமல் பட்டரியிலிருந்து வயர் இழுக்கக் கூடாது. பட்டரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 2 அல்லது 3 அம்பியர் உருகி போட வேண்டும். இரண்டு வயரும் தொட்டுக் கொண்டால் பட்டரி ஒரே நொடியில் கொட்டும் ஓட்டத்தில் வயர் சிவந்து எரியும்.

2. "12 வோல்ட் பட்டரி" எப்போதும் 12 வோல்ட்டில் இருப்பதில்லை. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், இறங்கும்போது 11க்குக் கீழும் வரும். சில ரவுட்டர் தாங்கும், சிலது தாங்காது. இடையில் 12 வோல்ட்டைச் சீராக வைக்கும் சின்ன மாற்றி ஒன்றைப் போடுங்கள்.

3. சோலார் தகட்டை ரவுட்டரோடு நேராக இணைக்கவே கூடாது. 12 வோல்ட் தகடு என்று விற்பது சுமையில்லாமல் வெயிலில் 20 வோல்ட்டைத் தாண்டும். ரவுட்டர் அந்த நொடியே போய்விடும். தகடு, சார்ஜ் கட்டுப்படுத்தி, பட்டரி, பிறகுதான் ரவுட்டர்.

4. நேர், மறை மாறக் கூடாது. ஊசியின் நடு நேரா மறையா என்று அடப்டரில் படம் போட்டிருக்கும். மீட்டரால் பார்த்த பிறகே செருகுங்கள்.

5. வயர் நீளம். 230 வோல்ட்டில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் தெரியும். அரைச் சதுர மில்லிமீற்றர் வயரைப் பத்து மீற்றர் இழுத்தால், போய் வர இருபது மீற்றர், ஒரு அம்பியருக்கு முக்கால் வோல்ட் அளவில் தொலைந்து போகும். பட்டரியை ரவுட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது தடித்த வயர் போடுங்கள்.

6. நம் ஊரில் தண்ணீர் கீழிருந்து வரும். பட்டரியையும் ரவுட்டரையும் தரையில் வைக்க வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல், காற்றோட்டமாக.

7. பட்டரிக்கு அதன் இனத்துக்கேற்ற சார்ஜர் மட்டும். ஈயப் பட்டரி சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது. 230 வோல்ட் பக்கத்து வேலை எதுவானாலும் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சோலாரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நம் பக்கம் கரண்ட் அதிகம் போவது மாரியில், வெயில் இல்லாததும் மாரியில். லைனில் கரண்ட் இருக்கும்போது அதிலிருந்தே பட்டரி நிரம்பட்டும். சோலார் கூடுதல் உதவியாக இருக்கட்டும்.

*நாம் கேட்பது*

முதலாவது, பள்ளிவாசல்களிடம். கரண்ட் போனாலும் நம் பாங்கு நிற்பதில்லை. ஏன்? அம்ப்ளிபயருக்குப் பின்னால் 12 வோல்ட் பட்டரி இருக்கிறது. அந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவர்கள் நேரோட்டத்தின் பயனை நமக்கு முன்பே புரிந்தவர்கள். அதே அறையில் ஒரு ரவுட்டருக்கும் இன்னொரு பட்டரி வையுங்கள். அம்ப்ளிபயரின் பட்டரியிலேயே இரண்டையும் மாட்ட வேண்டாம். சத்தம் ஏறும்போது வோல்ட் விழுந்து ரவுட்டர் அணைந்து அணைந்து வரும். மின்வெட்டு, வெள்ள நாட்களில் மட்டும் கடவுச்சொல்லை ஊருக்குத் திறந்து விடுங்கள். ஜனாஸா அறிவித்தல், வெள்ளச் செய்தி, கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் "உம்மா, நீங்க நல்லா இருக்கீங்களா" என்று கேட்கும் அழைப்பு, எல்லாம் அங்கிருந்து போகட்டும். ஸதகா ஜாரியாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நாம் காட்டும் ஒரு வழி இது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் இதையே செய்யலாம். வெள்ளத்துக்குத் தமிழன், முஸ்லிம் என்று தெரியாது. திருக்கோவிலில் கோயில் மண்டபத்தில் இருக்கும் ரவுட்டரும் அட்டாளைச்சேனையில் பள்ளிவாசலில் இருக்கும் ரவுட்டரும் ஒரே மாதிரி ஓடினால், இரண்டு ஊரும் ஒன்றை ஒன்று விசாரிக்கும்.

இரண்டாவது, பாடசாலைகளிடம். நம்மிடம் வகுப்பறைகள் தூரத் தூர இருக்கின்றன. ஒவ்வொரு வைபை பெட்டிக்கும் ஒரு பிளக், ஒரு யூபிஎஸ் என்று போகத் தேவையில்லை. இன்டர்நெட் கேபிளுக்குள்ளாலேயே 48 வோல்ட் அளவில் நேரோட்டத்தை அனுப்பும் முறை 2003இலேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. நூறு மீற்றர் வரை, ஒரு பெட்டிக்கு சுமார் 13 வாட் வரை. நடுவில் அலுவலகத்தில் இருக்கும் ஒரு சுவிட்ச் பெட்டிக்குப் பட்டரி கொடுத்தால், அதிலிருந்து போகும் எல்லாம் உயிரோடு இருக்கும். அடுத்த முறை வலயத்திலிருந்தோ பழைய மாணவர் சங்கத்திலிருந்தோ உபகரணம் தருகிறோம் என்று வந்தால், இந்த வகையைக் கேளுங்கள். உயர்தர விஞ்ஞான, தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இதையே செய்முறையாகக் கொடுங்கள். ஓமின் விதி பரீட்சைத் தாளோடு முடிய வேண்டியதில்லை.

மூன்றாவது, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் அவற்றை மேற்பார்வை செய்யும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும். வீட்டில் பட்டரி வைப்பது நம் பங்கு. எக்ஸ்சேஞ்ச் செத்தால், அல்லது வெள்ளத்தில் பைபர் அறுந்தால், நம் பட்டரி எதுவும் செய்யாது. அது உங்கள் பங்கு. எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த டவர் கரண்ட் இல்லாமல் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று மக்களுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2015இல், வீட்டுக் கரண்டில் தங்கியிருக்கும் தொலைபேசிச் சேவையைத் தருவோர் வாடிக்கையாளர் கேட்டால் முதலில் 8 மணித்தியாலத்துக்கும், மூன்று ஆண்டுக்குள் 24 மணித்தியாலத்துக்கும் பட்டரி வாங்க வழி செய்து கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி கொண்டு வந்தார்கள். பிரித்தானியாவில், கம்பி போனை மட்டுமே நம்பியிருப்போருக்கு, கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்பு எடுக்க வழி இருக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே பைபர் பூட்ட வரும் தம்பிமார் ரவுட்டரை மாட்டும்போதே "பட்டரியோடு வேண்டுமா, இல்லாமல் வேண்டுமா" என்று கேட்கும் நிலை வர வேண்டும். பெரிய கோரிக்கையா இது?

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம் ஏன்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், கேட்டுக் கொண்டே இருப்போம். ஆனால் செப்பனிடாத வாய்க்காலுக்காக வழக்குப் பேசிக் கொண்டே வயலைக் காய விடும் விவசாயி நம் ஊரில் இல்லை. "கரண்ட் இப்போது ஒழுங்காகத்தானே இருக்கிறது" என்றும் சிலர் சொல்வார்கள். ஒழுங்காக இருக்கும்போதுதான் பட்டரி நிரம்பும். இருட்டில் போய்ப் பட்டரி வாங்க முடியாது.

அடுத்த மாரிக்கு முன், இந்தப் பதிவை வாசிக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு பொது இடமாவது இதைச் செய்தால் போதும். மஹல்லாக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். என்ன பட்டரி, எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமானால் கீழே கருத்தில் எழுதுங்கள். உங்கள் ரவுட்டர் அடப்டரில் இருக்கும் எண்களையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களாகிய நாமும், நம் பிள்ளைகளும், ஊரில் வேலை தெரிந்த சகோதரர்களும் சேர்ந்து பார்த்துச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

பயனுள்ளதாக இருந்தால் பகிருங்கள். குறிப்பாக உங்கள் பள்ளிவாசல் தலைவருக்கும் அதிபருக்கும் அனுப்பி வையுங்கள்.